டன்ஹோப்பில் நின்றுபோன தந்தி

ஜூன் 20, 1893

இன்று ரயிலில் பதினான்கு பெட்டி வெள்ளித் தாது போயிற்று. வந்த வண்டியில் ஒரு பியானோ. அது யாருக்கு என்று பாதி ஊர் நிலையத்தில் கூடிவிட்டது. இந்த ஊருக்கு வயது பன்னிரண்டு, அதற்குள் நாலாயிரம் பேர். என் கணவர் வால்டர் இறந்தபிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிலையத்தையும் தந்தியையும் நான் பார்க்கிறேன், ஐந்து வருடமாக. முதுகுவலி.

ஜூன் 27

இந்தியாவில் வெள்ளி நாணயம் அடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். விலை மடமடவென்று சரிகிறது. சுரங்க மேலாளர் ஹாஸ்கெல் ஆட்களைக் கூட்டி, "விலைன்னா இறங்கும், ஏறும். அவனவன் வேலையப் பாருங்க" என்றாராம்.

ஜூன் 29

காலையில் முதலாளிகளிடமிருந்து ஹாஸ்கெலுக்குத் தந்தி. "ஜூலை பத்தாம் தேதி நீர் இறைக்கும் இயந்திரங்களை நிறுத்து. அதுவரை யாரிடமும் சொல்லாதே." என் கையாலேயே எழுதி எடுத்தேன். இறைப்பதை நிறுத்தினால் ஒரு வாரத்தில் சுரங்கம் முழுக்கத் தண்ணீர். அப்புறம் ஊர் ஏது?

கம்பியில் வந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துதான் இந்த வேலைக்கு வந்தேன்.

மத்தியானம் ஜோரி டிரெகேர் வந்தார். கடல் தாண்டி வந்த கார்ன்வால்காரர், நாலு வருடமாக இங்கே பாறை உடைக்கிறார். சின்ன மகளை இன்னும் பார்த்ததே இல்லை. குளித்துத் தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மனைவிக்குத் தந்தி: "வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு டன்ஹோப்புக்கு வா." பதிலுக்கும் முன்பணம் கட்டினார்.

"இன்னிக்கே போயிருமாம்மா?"

"போயிரும்" என்றேன்.

அனுப்பவில்லை. இழுப்பறையில் கிடக்கிறது. ஊர் முழுக்கத் தெரியும் நாளில் அவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதினோரு நாள்தானே. சத்தியமும் தவறாது, அவளுக்கும் வீடு தங்கும்.

ஜூலை 2

பதில் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அது பொய்யில்லை.

ஜூலை 4

ஊரில் சுதந்திர தின வாணவேடிக்கை. ஜோரி இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார்.

ஜூலை 6

இன்று அவர் பின்னாலேயே நாலைந்து பேர். "என்ன ஜோரி, உன் பொண்டாட்டி அங்கேயே ஒருத்தனப் பாத்துட்டா போல. நாலு வருசம்னா சும்மாவா?" ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "பணம் மாத்திரம் மாசாமாசம் வாங்கிக்கிறா. வான்னு கூப்பிட்டா வாயத் திறக்கமாட்டேங்கிறா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சத்தியத்துக்குப் பயந்தேனா, வேலைக்குப் பயந்தேனா? வேலைக்குத்தான். எழுதவே கூசுகிறது.

ஜூலை 8

காலை வண்டியில் ஜோரி போய்விட்டார். பயணச்சீட்டு கொடுத்தவளே நான். சந்திப்பு நிலையம்வரைதான் வாங்கினார், அங்கிருந்து எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் ஹாஸ்கெல் நின்றார்.

"அவ பதில் போட்டா, நான் செத்துட்டேன்னு சொல்லிருங்கம்மா" என்றார் ஜோரி.

ஜூலை 10

இயந்திரங்கள் நின்றன. இத்தனை வருடம் காதில் இரைந்த சத்தம் இல்லாமல் நாய்கள்கூடக் குழம்பித் திரிகின்றன.

ஜூலை 30

மனிதர்கள் வீட்டையே பிரித்து எண் போட்டு வண்டியில் ஏற்றுகிறார்கள். சுவர்ப் பலகை, கதவு, சன்னல், அதன்மேல் பாட்டி, பூனை. பியானோவும் திரும்பிப் போனது.

ஆகஸ்ட் 19

மோர்வென்னா டிரெகேரிடமிருந்து ஜோரிக்குக் கடிதம். வாங்க ஆளில்லை. பிரிக்கக்கூடாது, பிரித்தேன். "ஜூன் மாதத்துக்குப் பிறகு பணமும் இல்லை, எழுத்தும் இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் சொல். எனக்குக் கோபமில்லை."

உட்கார்ந்து அழுதேன். அடிப்பாவி, நீயா ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்பினாய்?

ஆகஸ்ட் 20

தந்திக் கருவி முன் உட்கார்ந்து நிலையம் நிலையமாகக் கேட்டேன்: ஜோரி டிரெகேர், கார்ன்வால்காரர், இடதுகையில் இரண்டு விரல் இல்லை. எதற்குத் தேடுகிறாய் என்றார்கள். அவர் பணம் கட்டிய தந்தியை நான் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன் என்று தட்டினேன். வழியிலிருக்கும் பதினோரு நிலையங்களும் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 14

பியூட் நகரத் தந்திக்காரன் டோனோவன் கூப்பிட்டான். ஜோரி அங்கே செம்புச் சுரங்கத்தில் இருக்கிறார். அவரிடம் விஷயத்தை முழுக்கச் சொன்னானாம். பழைய தந்தியை ஊர்ப்பெயரை மாற்றி என் செலவில் இப்போதே அனுப்புகிறேன் என்றேன். டோனோவன் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"அந்தம்மா கையால வேண்டாம்னு சொல்றாரு. நானே அனுப்பிட்டேன்."

சரிதான்.

செப்டம்பர் 29

ரயில் அலுவலகத்திலிருந்து கடிதம். நவம்பரோடு இந்தப் பாதையை மூடுகிறார்கள். எல்லோருக்கும் வேறு நிலையத்தில் வேலை, என்னைத் தவிர. காரணம் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

நவம்பர் 11

முதல் பனி. ஊரில் ஒன்பது பேர்.

நவம்பர் 30

நாளை கம்பியை அறுக்க ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் கருவி தட்டியது. டோனோவன்.

"ஜோரி பொண்டாட்டி, பிள்ளைங்க மூணு பேரும் இன்னிக்கு வந்து இறங்கிட்டாங்க. சின்னவ அப்பன் கிட்டவே போகமாட்டேங்கிறா. அவரு மண்டி போட்டுக் கெஞ்சிக்கிட்டிருந்தாரு."

எனக்கு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்ல."

கிடைத்தது என்று தட்டிவிட்டு, அனுப்பியவன் பெயரையும் நேரத்தையும் எப்போதும்போல் பதிவேட்டில் எழுதினேன்.