வீட்டுக்காரர் நிரலுக்கு நான் தந்த ஒப்புதல்

ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் எழுதிய நிரலை மதியம் வரை விடவில்லை. வரி நீளம், இடைவெளி, பெயர் வைத்த லட்சணம் எல்லாவற்றிலும் குறை. ஓரிடத்தில் ‘டெம்ப் டூ’, அதாவது ‘தற்காலிகம் இரண்டு’, என்று ஒரு பெயர். பெற்ற பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பாரா? அதையும் எழுதினேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

அத்தை வந்து, “ரெண்டு பேரும் அப்படி இன்னாதான் பண்றீங்க?” என்றார். ‘மூட்டை’ பற்றி மறுபடியும் விளக்கினேன். ஒருவர் எழுதிய மென்பொருளை, அது ஓடத் தேவையான மற்றத் துண்டுகளோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் கருவி. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம்.

“சீர்வரிசை அனுப்பறாப்ல அத்தை. ஒரு சாமான் விட்டுப்போனாலும் அங்க போய் கையப் பெசையணும். விட்டுப்போச்சான்னு பாக்கறதுக்குத்தான் அவர் இப்ப ஒண்ணு எழுதியிருக்காரு.”

“நீ?”

“அவர் எழுதினது சரியான்னு பாக்கறேன்.”

“அது நல்ல வேல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6, புதன்

எல்லாவற்றையும் திருத்திவிட்டார், முனகிக்கொண்டேதான். என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. மூட்டையின் தானியங்கிச் சோதனைக்கென்று இவர் எங்கள் வீட்டிலேயே ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்திருக்கிறார். அதிலும் எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. ஒப்புதல் கொடுத்தேன்.

யார் எழுதினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் மூட்டையில் சேரும். இவரே எழுதியிருந்தாலும் அப்படித்தான். விழுப்புரத்திலிருந்து வெளியீட்டைக் கவனிக்கும் வீரமணி சார் குழுவில் எழுதியிருந்தார்: “வீட்டுக்காரர் என்று பார்க்காமல் அனந்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்.” திரும்பத் திரும்பப் படித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன?

சனிக்கிழமை வெளியீடு. ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் நடக்கும் மென்பொருள்காரர்கள் கூட்டத்தில் இவர் இதைத்தான் மேடையில் காட்டப்போகிறார். சட்டைகூட இஸ்திரி போட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. அவலூர்பேட்டை

அம்மாவை பேங்குக்கு அழைத்துப் போக வந்தேன். வேலை முடிந்ததும், வேறொருவர் அனுப்பிய திருத்தத்தைப் பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்து மூட்டையை ஓட்டினேன்.

நின்றுவிட்டது. இவர் எழுதிய இடத்தில்தான்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நின்றது.

காரணம் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இணையச் செலவை மிச்சம் பிடிக்க இவர் வீட்டில் ஒரு பொதுச் சேமிப்பு வைத்திருக்கிறார். ஒரு முறை இறக்கிய துண்டை எங்கள் கணினிகள் எல்லாமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இவருடைய நிரலுக்கு ஒரு துண்டு தேவை. எந்தெந்தத் துண்டு வேண்டும் என்று குறிக்கும் தேவைப் பட்டியலில் அதை எழுதவே இல்லை. பொதுச் சேமிப்பில் அது கிடந்ததால் வீட்டில் எந்தக் கணினியும் கேள்வி கேட்கவில்லை. இங்கே அந்தச் சேமிப்பு எட்டாது. எல்லாம் ஒரே பானைத் தண்ணீர். விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற நிரல், தன்னுடையதை விட்டுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

நான்? இடைவெளியை எல்லாம் எண்ணியவள், பட்டியலை ஒரு முறை விரல் வைத்துப் படித்திருந்தால் —

இவருக்குப் போன் போட்டுச் சொன்னால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒப்புதலைப் பொதுவில் கொடுத்தேன். பொதுவில்தானே திரும்ப வாங்க வேண்டும்? “என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் வீட்டைத் தாண்டினால் இது ஓடாது. நானும் கவனிக்கவில்லை,” என்று காரணத்தோடும் நின்றுபோன திரையின் படத்தோடும் எழுதினேன். அதன் பிறகுதான் போன் போட்டேன்.



“முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“வேற யாராவது எழுதியிருந்தா தனியா கூப்ட்டு சொல்லியிருப்பனாங்க?”

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

காலை பஸ்ஸில் வீடு வந்தேன். வெளியீடு தள்ளிப்போய்விட்டது. இவர் பகல் முழுக்க அறையை விட்டு வரவில்லை. இருட்டிய பின் சாப்பிடாத சமண வீடு எங்களுடையது; பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்று வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

“ஒரே வீட்ல இருந்துக்கினு கம்ப்யூட்டர்ல சண்ட போடறீங்களே. எதுத்தாப்ல உக்காந்து போட்டா இன்னா?” என்றார் அத்தை.

புருஷன் என்பதால் கூடுதலாக நெருக்கினேனா? குழுவில் கிடைத்த பாராட்டு தலைக்கேறிவிட்டதா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. ஓடாதது ஓடாதுதான். ஆனாலும் அந்த இஸ்திரிச் சட்டையைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

“வர்றியா?” என்றார் காலையில். அவ்வளவுதான். கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இவர் திரையில் முதலில் போட்டது, அவலூர்பேட்டையில் நின்றுபோன அந்தப் படம். அதன் கீழே நான் எழுதிய வரிகள்.

“இது எங்க வீட்ல எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடுச்சு. மாமியார் வீட்லதான் ஓடல,” என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. “எழுதினது நான். ஓடாதுன்னு சொன்னவங்க பின்னால உக்காந்திருக்காங்க. பேரு அனந்தி.”

அத்தனை தலைகளும் திரும்பின. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். கல்லூரியில் மெடல் வாங்கியபோதுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. என்னை நினைத்தா, இவரை நினைத்தா? இரண்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியதும் பேச ஆரம்பித்தவர், எங்கள் ஊர்க் கோட்டை மலை கண்ணில் படும் வரை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

திருத்திய நிரலை வீரமணி சார் விழுப்புரத்தில் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து வெளியிட்டுவிட்டார்.

இவர் ஒரு புது விதி முன்வைத்திருக்கிறார்: ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் நிரலுக்கு ஒருவர் ஒப்புதல் தரக் கூடாது. முதல் ஆளாக ‘சரி’ போட்டது நான். இனி இவர் எழுதுவதை நான் தொட முடியாது. அறை கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இவருடைய அடுத்த நிரலை இன்று காலை வீரமணி சார் பார்த்தார். காபி ஆறுவதற்குள் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

மதியம் இவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“அவர் ரொம்ப லேசா விட்டுட்டாரு. எனக்கு திருப்தியா இல்ல. ஒப்புதல்லாம் வேணாம், நீ ஒரு தடவ சும்மா படிச்சுப் பாரேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலில் தேவைப் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். சரியாக இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். மூன்றாவது வரியிலேயே ஒரு குறை இருந்தது.