ஆறு நாற்காலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எதிர்க்கட்சியின் மாநில செனட்டர் வெர்னன் மீதான பாலியல் புகாரை ஒழுங்குக் குழு நேற்று நாலுக்கு மூன்று என்ற வாக்குகளில் தள்ளிவிட்டது. முடிவைக் குழுச் செயலரே வாசித்தார். புகார் கொடுத்த டார்சி நம் கட்சிக்காரி, அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை.

அவள் சாட்சி சொன்னபோது பின்னால் ஆறு நாற்காலிகள் காலியாக இருந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். "கேமராவுல அவ தனியாத் தெரியணும்டா, அப்பத்தான் ஜனங்க இரக்கப்படுவாங்க" என்றார் எங்கள் கட்சி அலுவலக மேலாளர். யாரும் உட்காராதபடி அவற்றில் 'ஒதுக்கப்பட்டது' என்ற தாள்களை ஒட்டியவன் நான். "யாருடா வரப்போறா, ஆளுநரா?" என்று தாள்களைப் பார்த்து டார்சி சிரித்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டை இப்போது டார்சியின் பக்கத்தில் உட்காராமல் காரிலேயே முடித்துக்கொள்கிறேன்.

தாள் ஒட்டியது யார் என்று எதிர்க்கட்சியினர் என்னிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். செவ்வாய் மதியத்துக்குள் பதில் தர வேண்டும். மேலாளர் எனக்காகத் தட்டச்சு செய்த பதிலில் 'தெரியாது' என்றிருக்கிறது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ரஸ்ஸல்