சிக்கிய தோட்டாக் கூடு

தம்பிக்கு,

இங்கே நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பழைய துப்பாக்கி போன வாரம் பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தது. உன் இடத்துக்கு வந்த வனக்காவலர் பயிற்சியில் மூன்று முறை சுட்டாராம்; மூன்றாவது கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிவிட்டதாம். அந்த மனிதர் சைக்கிள் மணிக்குக்கூட வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிற ரகம். அவரைப் பார்த்து 'பராமரிப்பு இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைச் சொல்ல மட்டும் வந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று கூடுகளிலும் அடியிலிருந்து ஒரு விரல் தள்ளி இரண்டு சின்ன மேடுகள், நகத்தில் தட்டின. அழுக்கென்றால் தடம் கூட்டுக்குக் கூடு இடம் மாறும். இது மாறவில்லை. தோட்டா உட்காரும் அறையின் சுவரில் துரு தின்ற குழிகள். சுடும்போது பித்தளை உப்பி அந்தக் குழிக்குள் பிதுங்கும். பிறகு துப்பாக்கியின் கொக்கி பிடித்து இழுத்தாலும் கூடு வராது.

உன்மேல் நடந்த விசாரணையின் உறையை அப்போதுதான் பிரித்தேன். கரடி பாய்ந்த அன்று உன்னை இரண்டாவது குண்டு சுடவிடாமல் சிக்கிய கூடு அதற்குள் இருந்தது. அதே இடம், அதே இரண்டு மேடுகள். ஏழு மாதமாக என் இழுப்பறையில் கிடந்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அக்கா தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. உன் வேலை போகட்டும், என் பெயர் கெடக் கூடாது என்று, 'பராமரிப்பு இல்லை' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கைக்கு வருமுன் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தத் துப்பாக்கி என் அலமாரியில்தான் இருந்தது. ஈரத்தோடு வாங்கி, துடைக்காமல் வைத்தவள் நான். நீ சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னவளும் நான்தான்.

அறையைச் சரிசெய்துவிட்டேன். கம்பியில் மெல்லிய உப்புத்தாள் சுற்றி, எண்ணெய் விட்டு, அளவு கூடிவிடாமல் இரண்டு நாள் தேய்த்தேன். இப்போது கூடுகள் வழுவழுவென்று வந்து விழுகின்றன. அதிகாரிக்குப் பரம சந்தோஷம். "அதான் சரியாயிடுச்சில்ல, பழசை எதுக்குக் கிளர்றீங்க?" என்றார். துப்பாக்கியில் இனி சாட்சி இல்லைதான். நான்கு கூடுகளையும் என் தவற்றையும் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். என் வேலை போனால் போகட்டும்.

அன்று கரடியிடம் ஒரு காலை இழந்த உன் கூட்டாளியையும் போய்ப் பார்த்தேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "அவன் போன் பண்ணப்ப எல்லாம் நான் எடுக்கவே இல்லக்கா. மறுபடி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

விசாரணை முடிந்த அன்று, இனிமேல் என்னை அக்கா என்று கூப்பிடாதே என்றேன். எதையும் கேட்காத நீ அதை மட்டும் அப்படியே கேட்டாய். திட்டியாவது ஒரு வரி எழுது. நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

வழக்கமாக 'உன் அக்கா' என்று முடிப்பேன். இந்த முறை அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். அதை நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,