இரண்டு மில்லிமீட்டர் கிழக்கே

அளவு தப்பாத என் அண்ணாவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி முடியாது. திண்டிவனத்தில் மழை பிடித்துக்கொண்டது, நேற்றும் முந்தாநாளும் விடவே இல்லை. மூடிக்கிடக்கிற ரைஸ் மில்லின் புகைபோக்கி கிழக்கே சாய்ந்துகொண்டிருக்கிறது. அதன் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் அண்ணி டிபன் கடை வைத்திருக்கிறார். நீ பார்த்துக் கொடுத்த இடம்தானே அண்ணா?

அந்த மில்லை நீ அளந்தபோது நம் இருவருக்கும் வேறு நினைப்பே கிடையாது. ரயில் மாடல் செய்கிறவர்கள் தண்டவாளத்தின் ஓரம் வைக்க நம்மூர்க் கட்டடம் ஒன்று வேண்டும், அதை வாங்குகிறவர்களே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும் அட்டைக் கிட்டாகச் செய்து விற்கலாம் என்று ஆரம்பித்தாய். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. நீ வரைவாய். நான் அட்டை வெட்டிப் பார்சல் கட்டுவேன், வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுவேன்.

அப்பப்பா, அந்தக் கடிதங்கள்! கதவுக்கு மூன்று கீல் இருக்க வேண்டுமே, இரண்டுதானே இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். செங்கல் வரிசையை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று இன்னொருவர் எழுதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இவுங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்பேன். நீயோ சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய் எண்ணிவிட்டு வருவாய். "அவுங்க கேக்கறது ஞாயந்தான தேனு? காசு குடுத்து வாங்குறாங்க, நெசம் மாரியே இருக்கணும்" என்பாய்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடல்காரர்கள் எல்லாம் கூடினார்களே, நினைவிருக்கிறதா? நம் ரைஸ் மில்லை நடு மேசையில் வைத்திருந்தோம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு சின்ன தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார்.

"இன்னா நைனா, உன் சிம்னி மப்புல நிக்குதா? ஒரு பக்கமா ரெண்டு மில்லி சாயுதே!"

மண்டபமே சிரித்தது. உன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் உனக்கு ஒரே பேச்சுதான். "வெட்டுனது சரி. அளந்த மாரியே வரைஞ்சதும் சரி. அப்ப நான் அளந்ததுதான் தப்பு." நான்தான் அண்ணா சொன்னேன்: "நீ குண்டு கட்டி அளக்கறப்ப காத்துல நூலு ஆடியிருக்கும்ணா. அவ்ளோ பெரிய செங்கல் கட்டடம் எங்கனா சாயுமா? நேரா வரைஞ்சிடு, பேஜாரு விட்டுது."

நீ நம்பிவிட்டாய். கீலுக்காகச் சைக்கிள் மிதித்தவன், வெட்கத்தில் அன்றைக்கு மில் பக்கமே போகவில்லை. யாராவது குறை சொன்னால் கிட்டுதான் தப்பு என்றே நமக்குப் பழகிப்போயிருந்தது. கட்டடம் தப்பாக நிற்கலாம் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? நேராக நிற்கும் இரண்டாவது கிட் வந்தது. எல்லோரும் பாராட்டி எழுதினார்கள். அந்த மில்லுக்கு நீதான் அத்தாரிட்டி ஆகிவிட்டாய்.

அந்தத் தைரியத்தில்தான் இரண்டாயிரத்துப் பத்தில் அண்ணிக்கு அங்கே கடை பிடித்துக் கொடுத்தாய். "அங்குலம் அங்குலமா அளந்தவன் சொல்றேன், நூறு வருசம் நிக்கும்" என்றாய். அடுத்த வருஷமே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய கிட்டின் வரைபடம் கேட்டார். உன் நோட்டைத் திறந்தேன். புகைபோக்கியை நான்கு வெவ்வேறு நாள் அளந்து எழுதியிருக்கிறாய். நான்கிலும் அதே சாய்வு, அதே கிழக்கு. காற்று நான்கு நாளும் அளந்தா வீசும்? நம் கிட்டில் இரண்டு மில்லி என்றால் நிஜத்தில் ஏழு அங்குலம். ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் நூலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு அடியத் தாண்டிப் பூட்ச்சும்மா. அடிக்கல்லும் ஊறிக் கீது. கீழ கடை வச்சிக்கினு கீறவங்கள ஜல்தி காலி பண்ணச் சொல்லு."

மில்லின் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டு எங்கோ இருக்கிறார்கள். மனு கொடுத்த இடத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். அண்ணி என்ன சொல்கிறார் தெரியுமா? கல்லாவுக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற உன் மாடலைக் காட்டுகிறார். "அவரு செஞ்சி வச்சத பாரு, எவ்ளோ நேரா கீது! கொத்தனாருக்கு இன்னா தெரியும்?" அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சாம்பார் அண்டா மூடிமேல் காரை உதிர்ந்து விழுந்தது. துணியால் துடைத்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றினார். கடையின் கதவு ஒரு வாரமாகச் சாத்த வரவில்லையாம். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்கிறார்.

நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன். "அண்ணி, அண்ணன் மொதல்ல சரியாத்தான் அளந்தாரு. நான்தான் மாத்தச் சொன்னேன். அந்த மாடல் பொய்." அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"செத்துப்போன மனுசன் மேல பழி போடாத தேனு. ஊரே சொன்னாலும் அளவ மாத்தறவரா அவரு? ஒரு கீலுக்காவ வெயில்ல ஓடுனவரு. நீ சொன்னியாம், அவரு கேட்டாராம்!"

உன்மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை, அந்தக் கடையை விட்டு அவரை எழுந்திருக்க விடவில்லை. உன்னைப் பற்றி அவர் நினைப்பதெல்லாம் சரிதான். ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாளுக்குச் சாட்சி நான் மட்டும்தான், என்னை நம்ப ஆளில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இடி இடித்தால்கூட அந்தப் பக்கம்தான் காது போகிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை கடை திறக்கும்போது நானும் போய் அந்தக் கிழக்குச் சுவரோரம் உட்காரப்போகிறேன். நாள் முழுக்க, தினமும். தனக்காக எழுந்து வராதவர், எனக்கு ஏதாவது ஆகிவிடுமே என்றாவது என் கையைப் பிடித்து வெளியே இழுப்பார். இழுக்காவிட்டாலும் அவரைத் தனியே விட்டுவிட்டு நான் எழுந்துவர மாட்டேன்.

உன்னைத் தன் பேச்சைக் கேட்கவைத்த தங்கச்சி,
தேன்மொழி