அருள்புரத்துச் சிவப்புப் புள்ளி

2 மார்ச் 2009, திங்கள்

அருள்புரம் மறுபடியும் சிவப்பு.

ஹெட் ஆபீஸ் பச்சை, குண்டடம் யூனிட் பச்சை. அருள்புரம் யூனிட் மட்டும் தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு செத்துவிடுகிறது. இந்த நெட்வொர்க் பெட்டிகளை எங்கள் பனியன் கம்பெனிக்குக் கொண்டுவந்தவளே நான்தான். மூன்று இடத்துப் பெட்டிகளும் இன்டர்நெட்டில் ஒரே பக்கத்தில் புள்ளியாகத் தெரியும், ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, கோளாறு வந்தால் பெட்டி விற்ற பெங்களூர்க்காரர்கள் அங்கே இருந்தபடியே சரிசெய்வார்கள், இதற்குப் பேர் 'கிளவுட்', மேகம் என்று முதலாளியிடம் அத்தனை வாயடித்தேன். இப்போது அந்தப் பக்கத்தை யாரும் பார்க்காத நேரத்தில்தான் திறக்கிறேன்.

முதலாளி நஞ்சப்பன் அய்யா என் மேசைப் பக்கம் வந்தார். "மேகத்துல இருந்து நடத்தறதுன்னீங்களே கண்ணு, வெய்யில் காலத்துல அது ஓடாதுங்களா?" ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

4 மார்ச், புதன்

பெங்களூருக்குப் போன் போட்டேன். பெட்டி தானாக நிற்கிறதாம், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி நிற்கிறதாம். "உங்க பக்கம் கரண்ட் பிரச்சினை மேடம்" என்று கை கழுவிவிட்டார்கள்.

அருள்புரத்து எலக்ட்ரீஷியன் முனீஸைப் பிடித்தேன். "யூபிஎஸ்ல இருந்து தனி லைன் இழுத்துக் குடுத்திருக்கேன்க்கா. நம்பலேன்னா வந்து பாருங்க" என்றான். குரலில் கோபம். நாளை கம்பெனி வேனில் போகிறேன்.

5 மார்ச், வியாழன்

நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வயரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். தையல் லைன் பக்கத்தில் மரப்பலகை மேல் பெட்டி பளபளவென்று இருந்தது. பஞ்சு பறக்கிற இடத்தில் இவ்வளவு சுத்தமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. சாயங்காலம் வரை பச்சைதான்.

அம்மா அந்த லைனில்தான் டெய்லர். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியோடு வந்தாள். "ஒம் பொட்டி நல்லாத்தானடி இருக்கு, எதுக்கு இப்பிடி மூஞ்சிய வச்சிருக்க?"

அடாப்டர்தான் காரணம் போல. ஜெயித்துவிட்டேன்.

6 மார்ச், வெள்ளி

சிவப்பு. ஜெயித்தேனாம்!

7 மார்ச், சனி

அய்யா கூப்பிட்டார். வியாழக்கிழமை சரக்கு வாங்குகிற பையர் வருகிறார். அருள்புரத்தில் தைத்து முடிவது உடனுக்குடன் ஹெட் ஆபீஸ் திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லாப் பெட்டியையும் கழற்றிவிட்டு, பழையபடி கணக்கைப் பென் டிரைவில் போட்டு வண்டியில் கொடுத்தனுப்புவதாம். "நீங்க செக்கிங்குக்கே போயிருங்க கண்ணு, அங்கயும் ஆள் பத்தல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எரிகிறது. தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் கால் வீங்க நின்றுகொண்டே சாயங்கால வகுப்பில் டிப்ளமோ முடித்தவள் நான். திரும்பிப் போக மாட்டேன்.

அதைவிட மோசம், முனீஸ்தான் பெட்டியை நிறுத்துகிறான் என்று அய்யாவுக்குச் சந்தேகம். செவ்வாய் சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் அவனை அனுப்பிவிடுவாராம். அவன் இல்லை என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "எனக்கென்னவோ பஞ்சுதான் உள்ள போகுதோன்னு இருக்கும்மா" என்றேன். "பஞ்சா?" என்றாள் அம்மா. ஏதோ யோசனையாக இருந்தாள்.

9 மார்ச், திங்கள்

இன்று சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே சிவப்பு. குறையும் என்று பார்த்தால் கூடுகிறது.

யோசி ராணி. நான் அங்கே போனால் ஓடுகிறது, திரும்பி வந்துவிட்டால் நிற்கிறது. என்னைக் கண்டு பயப்பட அது என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? பெட்டிக்குத் தெரியாது. ஆனால் நான் வருவது ஆட்களுக்குத் தெரியும். இங்கே வேன் கிளம்பினதுமே செக்யூரிட்டி அங்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்.

நாளை டவுன் பஸ். யாரிடமும் மூச்சு விடப் போவதில்லை, அம்மாவிடம்கூட.

10 மார்ச், செவ்வாய்

சாப்பாட்டு மணி அடிக்கும்போது டெய்லர்கள் வாசல் வழியாக உள்ளே போனேன். பலகை மேல் பெட்டியைக் காணோம். அதன் இடத்தில் ரோஸ் கலரில் என்னவோ உட்கார்ந்திருந்தது.

உறை. பனியன் துணி, உள்ளே இன்னொரு கனமான துணி, அடியில் எலாஸ்டிக், வயர் வருகிற இடத்தில் ஓரம் அடித்த ஓட்டை. கைக்குழந்தை ஸ்வெட்டர் மாதிரி அவ்வளவு நேர்த்தி. தொட்டேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. காற்றுப் போகிற துளை எல்லாம் அடைபட்டு, மத்தியான வெக்கையும் சேர்ந்த சூடு தாங்காமல்தான் அது தானாக நின்றிருக்கிறது. யார் தையல் என்று கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டு டிவிக்கும் மிக்சிக்கும் இதே தையல்தான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "பஞ்சு புகுந்துரக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே ஒண்ணு தச்சுப் போட்டேன். நீயும் பஞ்சுன்னு சொன்னியா, அதான் உள்ளுக்கு இன்னொரு துணி குடுத்தேன்."

"நான் வர்றப்ப ஏம்மா இது இல்ல?"

"ஆளு வர்றப்ப யாருடி ஒறையோட வச்சிருப்பா? கழட்டித் தொடச்சு வச்சாத்தான பாக்க லட்சணம்."

வீட்டு டிவிக்கும் விருந்தாளி வந்தால்தானே உறை கழலும்! அதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? ஒம் பொழப்பே அந்தப் பொட்டியிலதான் இருக்குன்ன. பாத்துக்கிட்டேன்."

கத்தவும் முடியல, அழவும் முடியல. ஐயோ அம்மா.

அங்கே இருந்த போனிலேயே அய்யாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆருங்க அந்த வேலையப் பண்ணுனது?" என்றார். யாரோ என்று சொல்லியிருக்கலாம். லைன் மொத்தமும் என்னையே பார்த்தது. முனீஸும் நின்றிருந்தான். அவன் பேர்தான் இத்தனை நாள் அடிபட்டது.

"எங்கம்மாங்க."

"முனீஸ வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அம்மாவை அனுப்பிவிடுவீங்களா என்று கேட்டேன். "நல்லாத் தைக்கற ஆள நான் எதுக்குங்க அனுப்பறேன்? இனி பொட்டிக்குத் தைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

அம்மா என்னோடு பஸ் ஏறவில்லை. "அம்புட்டுப் பேரு முன்னாடி எம் பேரச் சொல்லிட்டேல்ல" என்றாள். அவ்வளவுதான்.

12 மார்ச், வியாழன்

பையர் வந்தார், பார்த்தார், போனார். அருள்புரம் நாள் முழுக்கப் பச்சை. கொமரலிங்கத்தில் தொடங்கப்போகிற யூனிட்டுக்கும் பெட்டி வைக்கச் சொல்லிவிட்டார் அய்யா. துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

அம்மா சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

13 மார்ச், வெள்ளி

பச்சை. வீட்டில் இன்னும் பேச்சில்லை.

16 மார்ச், திங்கள்

ஆபீஸில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அருள்புரத்திலிருந்து போன். முனீஸ் என்று நினைத்து எடுத்தேன்.

"ராணி, பொட்டியில ஒரு லைட்டு ஆரஞ்சா மினுக்குதுடி. எப்பவும் பச்சையாத்தான நிக்கும்?"

அம்மா. பக்கத்தைத் திறந்தேன், அதில் இன்னும் பச்சைதான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது. அம்மா, எதையும் தொட்டுடாத என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஒண்ணுந் தொடலடி" என்றாள். "முனீஸுக்கு ஆள் விட்டிருக்கேன். நீ பெங்களூருக்காரனக் கூப்புடு."