மட்டைக்குள் இரண்டு சுற்று டேப்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, எடுத்தாலும் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் கடிதம். தம்பிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, ஒரு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அப்பா முடி வெட்டச் சலூனைத் திறக்கப் போகிறார், வருகிறார், என்னோடு நாலு நாளாகப் பேச்சில்லை. அதன் காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், பல்லையும் சலூனையும் பிடித்துச் சுற்றி வளைக்கிறேன்.

நீ அணியில் சேரக் கிளம்பும்போது உன் கோல்ஃப் மட்டைகளுக்கெல்லாம் கைப்பிடியில் புது ரப்பர் கிரிப் போட்டுக் கொடுத்தேனே. அப்போது உன் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மைதானத்துப் பட்டறையில் பதினாறு வருஷமாக ஊரார் மட்டைக்கெல்லாம் கிரிப் மாட்டுகிறவள், என் பிள்ளை கைக்கு ஒன்றும் செய்யக் கூடாதா என்று, உன்னிடம் சொல்லாமல், வலது கை பிடிக்கிற இடத்தில் ரப்பருக்கு அடியில் இரண்டு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றிவிட்டேன். சொன்னால் நீ விடமாட்டாய். நீ ஒன்றை எடுத்து லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா தடியா இருக்கு, மட்டையோட தலை எங்க இருக்குன்னே கைக்குத் தெரியலையே என்று கேட்டாய். புது ரப்பர் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும் என்று வாய் கூசாமல் சொன்னேன். உன் கை சரியாகத்தான் சொன்னது, நீ அதை விட்டுவிட்டு என்னை நம்பினாய்.

போன வாரம் ஒரு பல் டாக்டர் தன் மட்டையைக் கொண்டுவந்து, வேறெங்கோ கிரிப் மாற்றியதிலிருந்து பந்தெல்லாம் வலப்பக்கமே ஓடுகிறது என்று புலம்பினார். முதலாளி பிரித்துப் பார்த்தார், உள்ளே மூன்று சுற்று டேப். பிடி தடிச்சா விரலுக்கு ஒண்ணும் தெரியாது, மணிக்கட்டு திரும்பாது, அப்புறம் ஆளு தன் கையையே சந்தேகப்படுவான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எட்டு மாதமாக நீ எழுதியதெல்லாம் அதேதானே. கோச் உன் தோளை மாற்றினார், நிற்கிற விதத்தை மாற்றினார், கடைசியில் உனக்குக் கையில் உணர்வே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீயும் ஒத்துக்கொண்டு, இது என் கையே இல்லம்மா, மாசக் கடைசியில கையெழுத்துப் போட்டு அணியிலருந்து விலகிடறேன் என்று எழுதிவிட்டாய். யார் எவ்வளவு டேப் கேட்டாலும் சுற்றிக் கொடுத்தேனே தவிர, அது என்ன செய்யும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பந்தைக்கூட அடித்துப் பார்க்காதவள். அப்பாவிடம் சொன்னேன். கத்தரிக்கோல் வளையத்துல ஒரு நூல் சுத்தினாக்கூட எனக்குக் காதோரம் வெட்ட வராது, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார்.

சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாய். பந்து விழுவதற்குள் வலது, இடது, நேர் என்று கையை வைத்தே சொல்வாய், நான் துணி காயப்போட்டபடி பார்த்துச் சரி என்பேன். டேப்பைப் பிரித்தால் அந்தக் கை திரும்பி வரும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எட்டு மாதம் தப்பாகப் பழகிய கை திரும்புமா என்று முதலாளியிடம் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினார். நீ கையெழுத்துப் போடுவதற்குள் இந்தக் கடிதம் வருமா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியாக ஒன்பதாம் நம்பர் மட்டைக்கு வரும்போது டேப் தீர்ந்துவிட்டது, அதற்குக் கூடுதல் சுற்று கிடையாது. போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே நீ எழுதினாய், ஒன்பதாம் நம்பர் மட்டும்தான் என் பேச்சைக் கேக்குது, மத்ததெல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு என்று. அதை நான் பட்டறையில் எல்லாருக்கும் வாசித்துக்காட்டிச் சிரித்தேன், பாவி.

விலகுவதானால் விலகு, வீட்டுக்கு வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. என்னைத் திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டு. அதற்கு முன்னால் அந்த ஒன்பதாம் நம்பரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு பந்து அடி. எங்கே போனது என்று முதலில் வாய்விட்டுச் சொல், அப்புறம் கண்ணைத் திற. சரி என்று சொல்லத்தான் நான் பக்கத்தில் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை நன்றாக இருக்க வேண்டும். டேப்பைப் பிரிக்க மற்ற மட்டைகளின் கிரிப்பைக் கீறும்போது கத்தியை உன் பக்கம் இழுக்காதே, வெளிப்பக்கமாகத் தள்ளு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அம்மா