ஆறாவது பர்னர்

ராயபுரம்
12 ஏப்ரல் 2024

அன்பு சாவியோ,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஜானட்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

என்னை டர்பைன் பிரிவிலிருந்து உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் எண்ணூர் மின் நிலைய டர்பைனில் எரிவாயுவும் காற்றும் முதலிலேயே சீராகக் கலந்துதான் தீக்குள் போக வேண்டும். கலவை பிசகினால், வாயு அதிகமாகச் சேர்ந்த இடத்தில் சூடு ஏறி, புகைபோக்கியில் மஞ்சளாக நச்சுப்புகை கிளம்பும். மூன்று வாரமாகக் கிளம்புகிறது. ஆறாவது பர்னர் அடைத்திருக்கிறது, இரண்டு நாள் நிறுத்தினால் சுத்தம் செய்துவிடலாம் என்று வெப்ப அளவுகளைக் காட்டிச் சொன்னேன். கோடையில் நிறுத்த முடியாதாம். 'எல்லாம் சரி' என்ற அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்கள்.

மேலாளர் டில்லிபாபு, "எண்ணூரே பொகையிலதான் கீது. உன் ஒரு கையெழுத்துல இன்னாம்மா மாறப்போவுது?" என்றார்.

"அப்ப நீங்களே போட்டுக்கங்க சார்" என்றேன்.

திங்கட்கிழமை அந்த அளவுகளின் நகலை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன்.

உன்
ஹெப்சிபா

தோஹா
26 ஏப்ரல் 2024

அன்பு ஹெப்சி,

நானும் எரிவாயு ஆலையில்தான் வேலை செய்கிறேன். நீ சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. தப்பாகச் சொன்னவளைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், உன்னை விடமாட்டார்கள்.

நகலைத் திரும்ப வாங்கிவிடு. உனக்கும் ஜானட்டுக்கும் மே இருபத்தைந்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இங்கே வேலை தேடிக்கொள்ளலாம். இதற்கும் வரமாட்டேன் என்றால், இனி நமக்குள் பேச ஒன்றுமில்லை.

சாவியோ

ராயபுரம்
19 மே 2024

சாவியோ,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பயப்படுகிறாயே என்று கோபம் வரவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதிகாரிகள் வந்து அளந்தார்கள். புகையில் நச்சு, அனுமதித்த அளவைப் போல் இரண்டு மடங்கு. டர்பைனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆறாவது பர்னரைக் கழற்றும்போது டில்லிபாபு ஸ்டோருக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். வாயு வரும் பதினாறு துளைகளில் ஏழு துருவால் அடைத்திருந்தன. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ சொன்ன எடம்தாம்மா" என்றார்.

சுத்தம் செய்து ஓட்டினார்கள். எல்லா பர்னர் பக்கமும் வெப்ப அளவு ஒரே சீராக வந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டோர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கிக்கு மேல் வானம் மட்டும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் இன்னும் ஸ்டோரில்தான். நிலையத்தின் ஆவணத்தை ஏன் வெளியே கொடுத்தாய் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. 'கொடுத்தேன், மறுபடியும் கொடுப்பேன்' என்று பதில் எழுதினேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் எங்கும் ஓடவில்லை. ஜூன் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நிலையத்தில் என் மேல் விசாரணை. நீ வந்தால் கேட் வரைக்கும் சேர்ந்து போவோம். வராவிட்டாலும் நான் போவேன்.

ஹெப்சிபா